அம்மா முகம் பின்னாடி போன வருஷம்: ரோமானியத் தங்கக்காசுல குடும்பக் கதைகள்

நீரோ பட்டத்துக்கு வந்தது கி.பி. 54 அக்டோபர்ல. அப்ப அவனுக்கு 17 வயசு கூட முடியல. அந்த வருஷம் அடிச்ச தங்கக்காசு ஒண்ணு இருக்கு, ரோமானியக் காசுன்னு யாராவது பேச்செடுத்தா நான் முதல்ல காட்டுறது இதைத்தான். தலைப் பக்கத்துல ரெண்டு முகம், ஒண்ணை ஒண்ணு பார்த்தபடி. இடது பக்கம் நீரோ, இன்னும் மீசை கூட சரியா அரும்பாத பையன் முகம், கன்னம் மொழுமொழுன்னு. வலது பக்கம் அவனோட அம்மா அக்ரிப்பினா, முடியைப் பின்னி கழுத்துல இறக்கி விட்டிருக்கு, தாடை கொஞ்சம் உறுதியா. ரெண்டு தலையும் ஒரே அளவு. பேரரசன் பெருசு அம்மா சின்னதுன்னு எந்த வித்தியாசமும் இல்ல.

சரி, சுத்தி எழுத்து இருக்கே அது யாரோட பேருன்னு பார்த்தா, அதுவும் அம்மா பேருதான். அக்ரிப்பினா அகஸ்டா, தெய்வமாகிட்ட கிளாடியஸோட மனைவி, நீரோ சீசரோட தாய், இப்படித்தான் ஓடுது. கிளாடியஸ்ங்கறது நீரோவுக்கு முன்னாடி இருந்த பேரரசர். நாட்டை ஆள்றவன் பேரைத் தேடணும்னா காசைத் திருப்பணும். பின்னாடி ஓக் இலை மாலை ஒண்ணு, அதைச் சுத்தி நீரோவோட பேரும் பட்டமும். உயிரோட இருக்குற ராஜாவோட பேரு பூ பக்கத்துல, அவன் அம்மா பேரு தலைப் பக்கத்துல. அதுக்கு முன்னாடி ரோம்ல இப்படி ஒரு தங்கக்காசு வந்ததே கிடையாது.

அடுத்த வருஷம், 55. மறுபடி ரெண்டு பேர் முகமும் இருக்கு. ஆனா இப்ப எதிரெதிரா இல்ல, ரெண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்குறாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் படிஞ்ச மாதிரி. முன்னாடி முழுசா தெரியறது நீரோ. அவனுக்குப் பின்னாடி அம்மாவோட நெத்தி, மூக்கு, உதடு, ஒரு கோடு மாதிரி எட்டிப் பார்க்குது, அவ்வளவுதான். சுத்தி இருக்குற பேரு நீரோவோடது. அம்மா பேரு பின்பக்கம் போயிடுச்சு. அங்க நாலு யானை பூட்டின தேர், அது மேல தெய்வமாக்கப்பட்ட ரெண்டு பேர், ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸும் கிளாடியஸும். அதுக்கு அடுத்து ரோம்ல வந்த தங்கத்துல அக்ரிப்பினா இல்லவே இல்ல. நீரோ மட்டும். 59ல அவளை ஆள் வச்சுக் கொன்னுட்டான், முதல்ல கடல்ல உடைஞ்சு போற மாதிரி ஒரு படகு செஞ்சு ஏத்தி விட்டாங்க, அவ நீந்திக் கரையேறிட்டா, அப்புறம் வீட்டுக்கே ஆள் அனுப்பினாங்க.

இந்தக் காலகட்டத்தைப் பத்தி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வச்சிருக்கார். ஆர்மீனியாவுல இருந்து தூதுவர்கள் வந்து நீரோ முன்னாடி நிக்கறப்ப, அக்ரிப்பினா நேரா போய் மகன் பக்கத்துல மேடையில உக்காரப் போறா, எல்லாரும் பயந்து போய் உறைஞ்சு நிக்கறாங்க, அப்ப நீரோவோட ஆசிரியர் செனேக்கா அவன் காதுல சொல்லி அவனை இறங்கிப் போய் அம்மாவை எதிர்கொண்டு வரவேற்க வச்சார், அப்படி அந்த அசிங்கம் நடக்காம தடுத்தாங்கன்னு. டாசிடஸ் இதை எழுதினது அரை நூற்றாண்டுக்கும் மேல கழிச்சு, அவருக்கு அக்ரிப்பினாவைப் பிடிக்கவும் பிடிக்காது, அதனால அவர் சொல்றதை அப்படியே எடுத்துக்கணுமான்னு ஒரு சந்தேகம் வரலாம். ஆனா காசு அந்த வருஷமே அடிச்சது. மேடையில யாரு எந்த இடத்துல நிக்கணும்ங்குற சண்டை காசுலயும் நடந்திருக்கு, அதுவும் ஒரே வருஷத்துல முடிவாகியிருக்கு.

ரோமானியக் காசு பத்தி படிச்சா எல்லாரும் "பிரச்சாரம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. எனக்கு அது போதல. ராஜா தன்னைப் பெருமையா காட்டிக்கிறான்னு சொல்றதுல என்ன இருக்கு, எல்லா ராஜாவும் அதைத்தான் பண்ணுவான். அந்தந்த வருஷத்துல அந்தக் குடும்பத்துக்கு எது பயமா இருந்துச்சோ அதைத்தான் தங்கத்துல அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. வாரிசு யாருன்னு குழப்பம் இருந்தா வாரிசு முகம் வரும். படை நம்ம பக்கம் இருக்கான்னு சந்தேகம் இருந்தா படை வரும். அண்ணன் தம்பிக்குள்ள ஆகலன்னா ஒத்துமையா இருக்குற மாதிரி படம் வரும். ஒவ்வொண்ணா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி இந்தக் காசு என்னங்கறதைப் பார்த்துடலாம். லத்தீன்ல அவுரியஸ்னு பேரு. ஜூலியஸ் சீசர் காலத்துல ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துல, அதாவது ஏறக்குறைய 325 கிராம்ல, 40 காசு அடிச்சாங்க. கணக்குப் போட்டா ஒண்ணு 8 கிராம். நம்ம ஊர் நகைக்கடை கணக்குல ஒரு பவுன். அதுவும் 22 கேரட் எல்லாம் இல்ல, ஏறக்குறைய சுத்தத் தங்கம். அகலம் 2 சென்டிமீட்டர் இருக்கும், இப்ப புழக்கத்துல இருக்குற சின்ன ஒரு ரூபாய் காசு அளவு, ஆனா கையில வச்சா கனம் வேற. 64ல நீரோ ஒரு ராத்தலுக்கு 45ன்னு ஆக்கி எடையைக் குறைச்சான். அந்த வருஷம்தான் ரோம் நகரம் எரிஞ்சு போச்சு, திரும்பக் கட்டணும், பணம் வேணும்.

மதிப்பு என்னன்னா ஒரு தங்கக்காசுக்கு 25 வெள்ளி தெனாரியஸ். இல்லன்னா 100 செஸ்டர்ஸ். அகஸ்டஸ் காலத்துல லீஜியன்னு சொல்ற ரோமானியப் பெரும்படையில ஒரு சாதாரண சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 225 தெனாரியஸ், மூணு தவணையில குடுப்பாங்க. தங்கத்துல பார்த்தா வருஷத்துக்கு 9 காசு, ஒரு தவணைக்கு 3. அதுலயே துணி, ஆயுதம்னு பிடித்தம் வேற. சந்தையில காய்கறி வாங்க யாரும் இதை நீட்டியிருக்க மாட்டாங்க. சம்பளம், பரிசு, பெரிய வியாபாரம், நிலம், வரி, சேமிப்பு, இந்த மாதிரி இடத்துல சுத்தின காசு. அப்ப இதுல வர்ற படத்தை அதிகமா பார்த்தது யாருன்னா படையில இருக்குறவன், அதிகாரி, பணக்காரன், தூரதேச வியாபாரி. ராஜா பயப்பட வேண்டிய ஆளுங்களும் அதுல பாதிப் பேர்.

செய்யற விதத்தையும் சொல்லணும், ஏன்னா படத்தோட அழகே அங்கதான் இருக்கு. உலோகத் துண்டுல கையாலயே செதுக்கி அச்சு வெட்டுவாங்க, எல்லாம் இடவலம் மாத்தி, எழுத்தும் முகமும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி. தலைப் பக்கத்து அச்சைக் கீழ பட்டறைக் கல்லுல பதிச்சு வச்சிருப்பாங்க. அது மேல சூடாக்கின தங்க வில்லையை வச்சு, பின்பக்கத்து அச்சைக் கையில பிடிச்சு மேல வச்சு, சம்மட்டியால ஒரு அடி. அடி நேரா விழறது மேல் அச்சு மேல, அதனால அதுதான் சீக்கிரம் தேயும். கைவேலைங்கறதால ஒரே வருஷத்துக் காசுல கூட ஒரு அச்சுல இருந்து இன்னொரு அச்சுக்கு முகம் லேசா மாறும், ஒண்ணுல உதடு தடிப்பா இருக்கும், இன்னொண்ணுல கண்ணு ஆழமா இருக்கும். இவ்வளவு சின்ன வட்டத்துல ஒரு ஆளோட குணம் தெரியற மாதிரி செதுக்கின அந்தக் கலைஞர்கள் தங்கள் பேரை அதுல போட்டுக்கல. நீரோவோட காசுங்களை வருஷ வரிசையில வச்சுப் பாருங்க, 54ல இருந்த பையன் முகம் 60கள்ல தாடைக்குக் கீழ ரெண்டாவது மடிப்பு, கழுத்து தடிச்சு, முடி அலை அலையா வாரி விட்டு, வேற ஆளா ஆயிடுறான். ராஜா குண்டாயிட்டான்னு அப்படியே செதுக்கியிருக்காங்க, அவனும் அதைத் தடுக்கல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

உயிரோட இருக்குற மனுஷன் முகத்தை ரோம்ல காசுல போடறது பழைய வழக்கம் கிடையாது. கி.மு. 44ல ஜூலியஸ் சீசர் முகம் வெள்ளிக்காசுல வந்துச்சு, அந்த வருஷம் மார்ச் 15ல அவரைக் குத்திக் கொன்னாங்க. ராஜா மாதிரி நடந்துக்குறார்ங்கறது அவர் மேல இருந்த குற்றச்சாட்டு. கொன்னவங்கள்ல ஒருத்தன் புரூட்டஸ். அவன் ரெண்டு வருஷம் கழிச்சு படைக்குச் சம்பளம் குடுக்க அடிச்ச காசுல அவனோட முகத்தையே போட்டுக்கிட்டான். பின்னாடி ரெண்டு கத்தி, நடுவுல விடுதலையான அடிமைங்க போட்டுக்குற தொப்பி, கீழ மார்ச் 15ங்குற தேதி. வெள்ளியில இது நூறு பக்கம் கிடைச்சிருக்கு, தங்கத்துல தெரிஞ்சது மூணே மூணு. அதுல ஒண்ணு 2020 அக்டோபர்ல லண்டன் ஏலத்துல 32 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அப்புறம் அது எங்கிருந்து வந்துச்சுன்னு குடுத்த ஆவணம் பொய்ன்னு தெரிஞ்சு, 2023ல அமெரிக்க அதிகாரிகள் அதை கிரேக்க நாட்டுக்கே திருப்பிக் குடுத்தாங்க. அது சரியான முடிவு. பழங்காசு எவ்வளவு அழகா இருந்தாலும் எந்த மண்ணுல இருந்து எடுத்தாங்கங்கற கதை போயிடுச்சுன்னா அதோட பாதி போன மாதிரி.

இப்ப அகஸ்டஸ். கி.மு. 2ல ஆரம்பிச்சு லியோன் தங்கசாலையில ஒரு படம் வெள்ளியிலயும் தங்கத்துலயும் மலை மலையா அடிச்சுத் தள்ளினாங்க. தலைப் பக்கம் அகஸ்டஸ். அவருக்கு அப்ப 60 வயசு, காசுல பார்த்தா முப்பது சொல்லலாம், ஒரு சுருக்கம் இல்ல, கடைசி வரைக்கும் அப்படியேதான் போட்டாங்க. பின்பக்கம் ரெண்டு இளைஞர்கள் டோகாங்குற ரோமானிய மேலாடையைப் போர்த்திக்கிட்டு நிக்கறாங்க, கை ஆளுக்கொரு கேடயத்து மேல, கேடயத்துக்குப் பின்னாடி ஈட்டி. மேல நடுவுல ரெண்டு பூசைச் சாமான், ஒண்ணு கரண்டி, ஒண்ணு வளைஞ்ச கோல். இவங்க கையஸ், லூசியஸ், அகஸ்டஸோட ஒரே பொண்ணு ஜூலியாவுக்குப் பொறந்த பேரனுங்க. தாத்தாவே அவங்களைத் தத்தெடுத்துக்கிட்டார், அதனால காசுல "அகஸ்டஸின் மகன்கள்"னு இருக்கும்.

அகஸ்டஸுக்கு ஆண்பிள்ளை கிடையாது. முதல்ல அக்கா மகன் மார்செல்லஸை நம்பியிருந்தார், அவன் கி.மு. 23ல இளவயசுலயே போயிட்டான். அப்புறம் தளபதியும் மருமகனுமான அக்ரிப்பா, அவரும் கி.மு. 12ல போயிட்டார். மிச்சம் இந்தப் பசங்கதான். நாடு முழுக்க, எல்லைக்கு வெளியேயும், எல்லார் கையிலயும் இந்த ரெண்டு பசங்க படம் போய்ச் சேரணும்னு நினைச்சிருக்கார், எனக்கப்புறம் சண்டை கிடையாது, ஆள் ரெடியா இருக்குன்னு. கி.பி. 2ல லூசியஸ் இப்ப மார்செய்ன்னு சொல்ற ஊர்ல செத்துட்டான். 4ல கையஸ், ஆர்மீனியாவுல பட்ட காயத்தோட திரும்பி வர்ற வழியில. ரெண்டு வருஷத்துக்குள்ள ரெண்டு பேரும். அதுக்கப்புறம் பட்டத்துக்கு வந்தது மனைவியோட முதல் கல்யாணத்துப் பையன் டைபீரியஸ். ஆனா காசு எங்க போகும், செத்துப் போன பசங்க படத்தோட அது பாட்டுக்குப் பல வருஷம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தியாவுல கிடைச்ச ரோமானியக் காசுல இந்தப் படம் ரொம்ப சாதாரணம்.

டைபீரியஸ் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, 23 வருஷ ஆட்சியில பெரும்பாலும் ஒரே படம்தான், உக்காந்திருக்குற ஒரு பெண், கையில செங்கோலும் கிளையும். அது அவரோட அம்மா லிவியான்னு நிறைய பேர் சொல்றாங்க. அவருக்கு அடுத்து வந்த கலிகுலா, நாடு கடத்தப்பட்டு தீவுல பட்டினியில செத்துப் போன தன் அம்மா முகத்தைத் தங்கத்துல போட்டான். முன்னாடி இருந்த ஆட்சியில அவமானப்பட்டவளைத் திரும்பக் குடும்பத்துக்குள்ள கொண்டு வந்தது அது.

கிளாடியஸ் கதைதான் நான் சொல்ற விஷயத்துக்கு நல்ல சாட்சி. 41 ஜனவரியில கலிகுலாவைக் கொன்னுட்டாங்க. அரண்மனையில ஒரே கலவரம், அவனோட சித்தப்பா கிளாடியஸ், 49 வயசு, கால் சரியில்லாதவர், பேச்சு திக்கும், குடும்பத்துல யாருமே மதிக்காத ஆளு, திரைச்சீலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தார்னு சொல்றாங்க. அங்க சுத்தின ஒரு காவல்படை வீரன் காலைப் பார்த்து இழுத்து வெளிய விட்டான், அப்புறம் அவங்களே தூக்கிட்டுப் போய் பிரிட்டோரியன்னு சொல்ற அந்தக் காவல்படையோட முகாம்ல வச்சுப் பேரரசர்னு அறிவிச்சாங்க. ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தர்றேன்னு அவர் வாக்குக் குடுத்தார். தங்கத்துல கணக்குப் போட்டா ஒரு வீரனுக்கு 150 காசு, ஒரு கிலோவுக்கு மேல தங்கம்.

அந்த ஆட்சி ஆரம்ப வருஷத் தங்கக்காசோட பின்பக்கத்தைப் பாருங்க. ஒரு கோட்டை மதில், பல் பல்லா மேல் விளிம்பு, கீழ வளைவு வாசல். மதிலுக்கு உள்ள ஒரு வீரன் ஈட்டியோட நிக்கறான், முன்னாடி கழுகுச் சின்னம், பின்னாடி கோயில் மாதிரி ஒரு முகப்பு. அந்த மதில்லயே எழுதியிருக்கு, பேரரசர் ஏத்துக்கொள்ளப்பட்டார்னு. இதுக்கு ஜோடியா இன்னொரு காசு, அதுல கிளாடியஸ் டோகாவோட நின்னு ஒரு காவல்படை வீரன் கையைப் பிடிச்சுக் குலுக்குறார். எந்த முகாம் தன்னை ராஜாவாக்குச்சோ அந்த முகாமையே தங்கத்துல போட்டுட்டார், செனட் இல்ல, சாமி இல்ல, இவங்கதான்னு. இதை வெக்கக்கேடுன்னு பார்க்குறவங்க உண்டு, எனக்கு இதுல இருக்குற நேர்மை பிடிச்சிருக்கு. தன் உயிர் யாரு கையில இருக்குன்னு தெரிஞ்ச மனுஷன் அவங்களுக்குக் காசு மூலமாவே நன்றி சொல்லியிருக்கார், அந்தக் காசே அவங்க கைக்குத்தான் போயிருக்கும்.

அதோட விடல. அகஸ்டஸ் குடும்பத்துக்குள்ள இவரை யாரும் தத்தெடுக்கல, சீசர்ங்குற பேரைக் கூட இவரா வச்சுக்கிட்டதுதான். அதனால செத்துப் போன அப்பா துரூசஸ், அம்மா அன்டோனியா ரெண்டு பேருக்கும் தங்கக்காசு போட்டார். துரூசஸ் ஜெர்மானியாவுல சண்டை போட்ட தளபதி, அன்டோனியா அகஸ்டஸோட அக்கா பொண்ணு. நான் யாரோ இல்ல, பாருங்க என் அப்பா அம்மாவைன்னு ஒவ்வொரு காசும் சொல்லுது.

கடைசி வருஷங்கள்ல அக்ரிப்பினாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அவ அண்ணன் மகள். அவ முகம் அவர் காசோட பின்பக்கம் வந்துச்சு. அவளோட முதல் கல்யாணத்துப் பையன் நீரோவை 50ல தத்தெடுத்தார், அடுத்த வருஷத்துல இருந்து நீரோ முகமும் தங்கத்துல வருது, இளைஞர்களின் தலைவன்ங்குற பட்டத்தோட, பின்னாடி கேடயமும் ஈட்டியும். கையஸ், லூசியஸ் காசுல பார்த்தோமே அதே கேடயம், அதே ஈட்டி, அதே பட்டம்தான். கிளாடியஸுக்குச் சொந்தப் பையன் ஒருத்தன் இருந்தான், பிரிட்டானிக்கஸ், நீரோவை விட மூணு வயசு சின்னவன். ரோமோட தங்கத்துல அவன் முகம் கிடையாது. 51ல ஒரு சிப்பாய் சம்பளம் வாங்கிக் காசைத் திருப்பிப் பார்த்திருந்தா அடுத்த ராஜா யாருன்னு புரிஞ்சிருக்கும், யாருக்கு இனிமே இடமில்லைன்னும் புரிஞ்சிருக்கும். 55ல பிரிட்டானிக்கஸ் சாப்பாட்டுப் பந்தியிலயே செத்து விழுந்தான், விஷம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

காசைப் பார்க்கறப்ப எனக்கு மனசு கனத்துப் போறது டொமிஷியன் ஆட்சியில 82, 83 வாக்குல வந்த ஒண்ணுதான். டொமிஷியனுக்கும் டொமிஷியாவுக்கும் பொறந்த ஒரே பையன் சின்ன வயசுலயே போயிட்டான். அவனைத் தெய்வமா அறிவிச்சாங்க. காசோட தலைப் பக்கம் அம்மா டொமிஷியா, முடியை அந்தக் காலத்துப் பாணியில முன்னாடி உயர்த்திச் சுருள் சுருளா வச்சு. திருப்பினா ஒரு உலக உருண்டை, அது மேல துணி இல்லாத ஒரு குழந்தை உக்காந்திருக்கு, ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கி. சுத்தி ஏழு நட்சத்திரம். தூக்கிக்கோன்னு எந்தக் குழந்தையும் கையைத் தூக்குமே அந்த மாதிரிதான் எனக்கு அது தெரியுது, உலகத்தை ஆளப் போற தெய்வம்ங்குற எண்ணத்துல செதுக்கியிருந்தாலும். அரசியல் கணக்கு இதுலயும் இருக்கு, இல்லன்னு சொல்லல, தெய்வத்துக்கு அப்பன்னு சொல்லிக்கறது ராஜாவுக்குப் பெருமை. ஆனா வாரிசு இல்லாத ஒரு ராஜா, வாரிசா இருந்திருக்க வேண்டிய குழந்தையை நட்சத்திரத்துக்கு நடுவுல உக்கார வச்சது வெறும் கணக்குன்னு மட்டும் எனக்குப் படல. 96ல டொமிஷியனையும் அரண்மனையிலயே குத்திக் கொன்னாங்க. அந்த வம்சம் அதோட முடிஞ்சுது.

நூறு வருஷத்துக்கு மேல தள்ளி இன்னொரு காசு, பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் அடிச்சது, 201 வாக்குல. அவர் வட ஆப்பிரிக்காக்காரர், மனைவி ஜூலியா டோம்னா சிரியாவுல ஒரு கோயில் பூசாரி குடும்பம். தலைப் பக்கம் தாடியோட செவரஸ். பின்பக்கம் மூணு முகம். நடுவுல ஜூலியா டோம்னா நேரா நம்மளைப் பார்க்குறா, ரோமானியக் காசுல முகம்னா பக்கவாட்டுலதான் இருக்கும், நேர்முகம் ரொம்ப அபூர்வம். அவளுக்கு ஒரு பக்கம் மூத்தவன் கரகல்லா, தலையில இலை மாலை. இன்னொரு பக்கம் இளையவன் கெட்டா, மாலை இல்லாம. பசங்க ரெண்டு பேரும் அம்மாவைத் தாண்டி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குறாங்க. எழுதியிருக்கறது இந்தக் காலத்தின் மகிழ்ச்சின்னு அர்த்தம். இது ஒரு குடும்ப போட்டோதான், அதுவும் உலகத்துல வெட்டின குடும்பப் படங்கள்லயே அழகான ஒண்ணு.

அந்தப் பசங்களுக்குச் சின்ன வயசுல இருந்தே ஆகாது. 211 பிப்ரவரியில செவரஸ் பிரிட்டன்ல யார்க் ஊர்ல சாகறப்ப பசங்ககிட்ட சொன்னது, ஒத்துமையா இருங்க, படைவீரங்களுக்கு அள்ளிக் குடுங்க, மத்தவங்களைக் கண்டுக்காதீங்கன்னு. வருஷம் முடியறதுக்குள்ள கரகல்லா ஏற்பாட்டுல கெட்டாவைக் கொன்னாங்க, அவன் அம்மா மேல போய் விழுந்து கட்டிப் பிடிச்சிருந்தப்ப, அவ மடியிலயே. அப்புறம் கெட்டா பேரைக் கல்வெட்டுல இருந்து செதுக்கி எடுத்தாங்க, ஓவியத்துல முகத்தை அழிச்சாங்க, சில கிழக்கு ஊர்ச் செப்புக்காசுல கூட அவன் தலையைச் சுரண்டி எடுத்திருக்காங்க. அப்பா சொன்ன ரெண்டாவது விஷயத்தை மட்டும் கரகல்லா ஒழுங்கா செஞ்சான், படைக்குச் சம்பளத்தை ஏத்தினான், அதுக்குக் கட்டுப்படியாகாம 215ல தங்கக்காசோட எடையை ஒரு ராத்தலுக்கு 50ன்னு குறைச்சான். சீசர் காலத்து ஒரு பவுன் இப்ப ஆறரை கிராம் ஆயிடுச்சு.

இனி நம்ம மண்ணுக்கு வர்றேன். 1898ல புதுக்கோட்டைச் சமஸ்தானத்துல ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில ஒரு புதையல் கிடைச்சுது. 501 ரோமானியத் தங்கக்காசு. வெள்ளி ஒண்ணு கூட இல்ல, எல்லாம் தங்கம். தோராயமா மூணே முக்கால் கிலோ, 460 பவுனுக்கு மேல. அகஸ்டஸ்ல ஆரம்பிச்சு வெஸ்பாசியன் வரைக்கும், அதாவது கி.பி. 70கள் வரைக்கும் உள்ள காசு. ஒரு பகுதி இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அவங்க வெப்சைட்லயே படம் பார்க்கலாம். நான் மேல சொன்ன குடும்பம் இருக்கே, அகஸ்டஸ், டைபீரியஸ், துரூசஸ், அன்டோனியா, கலிகுலாவோட அப்பா ஜெர்மானிக்கஸ், அம்மா மூத்த அக்ரிப்பினா, கிளாடியஸ், நீரோ, அத்தனை பேரும் அங்க ஒண்ணா கிடந்தாங்க.

எப்படி வந்துச்சுங்கறது தெரிஞ்ச கதைதான். முசிறிக்கு யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பினதை அகநானூறு சொல்லுது. அந்தப் பக்கம் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா வருஷா வருஷம் நம்மகிட்ட இருந்து 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுதுன்னு புலம்புறார், அதாவது 5 லட்சம் தங்கக்காசு மதிப்பு. பிளினிக்கு ஆடம்பரத்தைத் திட்டறதுன்னா பிடிக்கும், அதனால அந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையா எடுத்துக்கணும். ஆனா தங்கம் வந்ததுல சந்தேகமே இல்ல, கேரளாவுல கண்ணூர்ப் பக்கம் கோட்டயம்னு ஒரு ஊர்ல 1847ல கிடைச்ச தங்கக்காசு அஞ்சு ஆள் சுமைன்னு எழுதி வச்சிருக்காங்க.

புதுக்கோட்டைக் காசுல ஒரு விசேஷம். பத்துல ஒன்பதுக்கு மேல உளியால வெட்டுப்பட்டது. எங்கயோ ஓரத்துல இல்ல, தலைப் பக்கத்துல, ராஜாவோட முகத்துக்குக் குறுக்க. ஒரே வெட்டு, ஆழமா, சில காசுல கன்னத்துல இருந்து கழுத்து வரைக்கும் பள்ளம் இறங்கி, அந்த அடியோட வேகம் பின்பக்கம் தெரியுது. பின்பக்கத்துல உளி வைக்கல. அன்டோனியா முகமும் அப்படித்தான், நீரோ முகமும் அப்படித்தான், நல்லவன் கெட்டவன் பேதம் இல்ல.

ஏன் வெட்டினாங்கன்னு பல கருத்து இருக்கு. உள்ள செம்பு வச்சு மேல தங்கம் பூசின போலிக் காசான்னு சோதிக்கன்னு ஒண்ணு. இது திரும்பக் காசா புழங்கக் கூடாது, இனிமே எடைக்கு எடை வெறும் தங்கம்தான்னு குறிக்கன்னு ஒண்ணு. அந்நிய ராஜா முகத்தை ஏத்துக்க மனசில்லாமன்னு இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. சோதனைக்குன்னா விளிம்புல ஒரு சின்னக் கீறல் போதும், தட்டான் உரசிப் பார்த்தாலே சொல்லிடுவான். கோபத்துல பண்ணியிருந்தா இப்படி ஒழுங்கா காசுக்கு ஒரு வெட்டுன்னு நிறுத்தியிருக்க மாட்டாங்க. நானூத்துக்கும் மேல காசை ஒண்ணொண்ணா எடுத்து வச்சு, தலைப் பக்கம் எதுன்னு பார்த்து, ஒரே மாதிரி வெட்டினது ஒரு வேலையா செஞ்சது, யாரோ அதிகாரம் உள்ள ஒருத்தர் சொல்லி நடந்தது. தென்னிந்தியாவுல வேற சில புதையல்லயும் இதே மாதிரி வெட்டு இருக்கு, அப்ப அது ஒரு ஆளோட கிறுக்கு இல்ல, ஒரு வழக்கம்.

ரோம்ல அந்த முகம்தான் காசுக்குச் செல்வாக்கு. எந்த முகம் எந்தப் பக்கம் வரணும்னு ஒரு அம்மாவும் மகனும் சண்டை போட்ட அளவுக்கு. இங்க அந்த முகத்தைத்தான் முதல்ல வெட்டியிருக்காங்க, ஏன்னா வெட்டினவங்களுக்கு அது காசோட முத்திரைன்னு நல்லாவே புரிஞ்சிருக்கு. முத்திரை போனா காசு போச்சு, பொன் மட்டும் மிச்சம்.

சென்னை எழும்பூர் மியூசியத்துல ரோமானியக் காசுத் தொகுப்பு நல்லாவே இருக்கு, போனீங்கன்னா லென்ஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, இல்ல போன் கேமராவையே பெருசு பண்ணிப் பாருங்க. யாரோட முகம்னு பார்த்ததும் நகர்ந்துடாதீங்க, பின்பக்கத்துல யாரை நிறுத்தியிருக்காங்கன்னு கேளுங்க. அப்புறம் புதுக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, கருக்காக்குறிச்சிப் புதையல் பத்தி வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தீங்கன்னா எழுதுங்க. எந்தக் கொல்லையில கிடைச்சுது, யாரு முதல்ல பார்த்தாங்க, ஊர்ல அதைப் பத்தி என்ன பேச்சு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ரொம்ப ஆசை.